போக்குவரத்துத் திட்டங்களும் ஆபத்தான கழிவுகளும்: தோண்டிய மண் எங்கே போகிறது?

நாட்டின் பொதுப் போக்குவரத்து சீரமைக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் இரண்டு கருத்து கிடையாது. காலையில் மாலபேயிலிருந்து கோட்டைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் நிற்பவருக்கும், புறக்கோட்டை பஸ் நிலையத்தில் சேற்றையும் புகையையும் தாண்டி வியாபாரத்துக்குப் போகிறவருக்கும் இதனை எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இலகு ரயில், புதிய பஸ் நிலையங்கள், கண்டி குட்ஷெட் பகுதியில் அமையும் பன்முகப் போக்குவரத்து நிலையம், ரயில் பாதைகளின் புனரமைப்பு என இத்துறையில் பேசப்படும் திட்டங்கள் பல. அவற்றுள் சில நடைபெறுகின்றன, சில கைவிடப்பட்டு மீண்டும் பேசப்படுகின்றன.

ஆனால் இத்திட்டங்கள் பற்றிய விவாதங்களில் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. ஒரு ரயில் பாதையையோ பஸ் நிலையத்தையோ கட்டும்போது தோண்டி எடுக்கப்படும் மண், இடிக்கப்படும் பழைய கட்டடங்களின் கூரைத் தகடுகள், கழற்றி வீசப்படும் மின்கலங்கள், பழைய எண்ணெய் ஆகியவை எங்கே போகின்றன? அவற்றை யார் எடுத்துச் செல்கிறார்கள்? யாருடைய ஊரில் கொட்டுகிறார்கள்?

மீதொட்டமுல்லையையும் புத்தளம் அருவக்காட்டையும் அறிந்த எமது மக்களுக்கு இக்கேள்வியின் கனம் புரியும். 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் கொழும்பின் குப்பையை ரயில் மூலம் புத்தளத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் வேகம் பெற்றது. புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இறங்கிப் போராடினர். தலைநகரின் கழிவு தலைநகருக்கு வெளியே, குரல் குறைந்த மக்களின் வாசலுக்கே போய்ச் சேர்கிறது என்பதை அச்சம்பவங்கள் காட்டின. வீட்டுக் குப்பையின் கதையே இதுவென்றால், ஆபத்தான கழிவின் கதை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சிந்திப்பது அவசியமாகும்.

ஆபத்தான கழிவு என்பது என்ன?

கட்டுமானக் கழிவு என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது உடைந்த கல்லும் கொங்கிறீட்டும் தான். அவை இடத்தை அடைக்குமே தவிர பெரும்பாலும் நஞ்சல்ல. உடைத்து மீண்டும் பாவிக்கவும் முடியும். ஆபத்தான கழிவு வேறு. அது மண்ணில் கலந்தால் கிணற்று நீரைக் கெடுக்கும். காற்றில் கலந்தால் சுவாசப்பையைத் தாக்கும். கையால் தொட்டவர் அதனை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவார்.

போக்குவரத்துத் திட்டங்களில் இத்தகைய கழிவு அதிகமாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. புதிய ரயில் பாதைகளும் பஸ் நிலையங்களும் வெறும் காணிகளில் கட்டப்படுவதில்லை. அவை பழைய ரயில் நிலையங்கள், இயந்திரத் திருத்தகங்கள், பஸ் டிப்போக்கள், எரிபொருள் நிரப்பு நிலையங்கள், களஞ்சியங்கள் இருந்த நிலங்களிலேயே பெரும்பாலும் எழுகின்றன. இலங்கையின் முதலாவது ரயில் 1864 டிசம்பர் 27 ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்குச் சென்றது. அன்று முதல் 160 வருடங்களாக நிலக்கரிச் சாம்பலும், கிறீஸும், டீசலும் சிந்திய நிலங்கள் எமது ரயில்வே வளாகங்கள். டிப்போ நிலங்களும் அவ்வாறே. அவற்றின் மேல்மண்ணில் எண்ணெய் ஊறியிருக்கும் என்று எதிர்பார்த்துச் சோதிப்பதே அறிவுடைமை. சுத்தமான மண் என்று எண்ணி, பள்ளமான காணிகளை நிரப்ப அதனை விற்றுவிடுவது பேராபத்து.

இதில் கவனிக்க வேண்டிய பொருட்கள் சில:

முதலாவது, எண்ணெய் கலந்த மண்ணும் பாவித்த எண்ணெயும். பாவித்த எஞ்சின் எண்ணெயில் ஈயம் போன்ற உலோகங்களும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் சேர்ந்திருக்கும். ஒரு லீற்றர் பாவித்த எண்ணெய் பத்து இலட்சம் லீற்றர் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நீண்டகாலமாகச் சொல்லிவரும் கணக்கின் சாரம்.

இரண்டாவது, அஸ்பெஸ்டஸ். பழைய நிலையங்கள், களஞ்சியங்கள், பாதைக்காக அகற்றப்படும் வீடுகள் ஆகியவற்றின் கூரைகளில் பெரும்பாலானவை அஸ்பெஸ்டஸ் தகடுகளே. கூரையில் அசையாமல் இருக்கும்வரை அதன் ஆபத்து குறைவு. சுத்தியலால் உடைத்து இறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பரவுகின்றன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை ஏற்படுத்தும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நோய் வெளிப்பட 20 முதல் 50 வருடங்கள் வரை ஆகலாம் என்பதால், இன்று தகடு உடைக்கும் இளைஞர் நோயாளியாகும்போது ஒப்பந்தக்காரரைத் தேடிப்பிடிக்க எவராலும் முடியாது.

மூன்றாவது, மின்கலங்களும் பழைய டிரான்ஸ்போமர்களும். ஈய-அமில பெட்டரிகளில் ஈயமும் கந்தக அமிலமும் உள்ளன. பழைய டிரான்ஸ்போமர்களின் எண்ணெயில் பி.சி.பி. எனும் இரசாயனம் இருக்கக்கூடும். அது இயற்கையில் இலகுவில் அழியாது. மீன், பால், இறைச்சி வழியாக மனித உடலில் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் கீழ் 2028 ஆம் ஆண்டுக்குள் இக்கழிவு முற்றாக ஒழுங்காக அகற்றப்பட வேண்டும். இலங்கையும் அச்சமவாயத்தின் அங்கத்துவ நாடாகும்.

நான்காவது, கிரியோசோட் எண்ணெய் ஏற்றப்பட்ட மரச் சிலிப்பர் கட்டைகள். கறையான் அரிக்காதிருக்க ஏற்றப்படும் இவ்வெண்ணெய் எரியும்போது நச்சுப் புகையை வெளியிடும். பாதை புதுப்பிக்கப்படும்போது கழற்றப்படும் கட்டைகளை எவரும் விறகாகப் பாவிக்கக் கூடாது. குறிப்பாக உணவு தயாரிக்கும் அடுப்புகளுக்கும் பேக்கரிகளுக்கும் இது கொடுக்கப்படவே கூடாது.

ஐந்தாவது, கொங்கிறீட் கழுவிய நீரும், துளையிடும்போது பாவிக்கப்படும் பென்டனைட் சேறும். சீமெந்து கலந்த நீரின் பி.எச். அளவு 12 ஐயும் தாண்டும். அதாவது அது தோலைப் புண்ணாக்கும் அளவுக்குக் காரமானது. அதனை வடிகானில் விட்டால் அது போய்ச் சேரும் வாவியில் மீன் மிதக்கும்.

அளவு எவ்வளவு?

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஜப்பானின் ஜெய்க்கா கடனுதவியுடன் திட்டமிடப்பட்ட மாலபே - கோட்டை இலகு ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். தூண்கள் மீது செல்லும் அதுபோன்ற ஒரு பாதையில் 32 மீற்றருக்கு ஒரு தூண் என்று வைத்தால் 500 தூண்கள் தேவை. ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒன்றரை மீற்றர் விட்டமும் 30 மீற்றர் ஆழமும் கொண்ட நான்கு துளைகள் இடப்படுவதாகக் கொள்வோம். ஒரு துளையிலிருந்து மட்டும் 53 கன மீற்றர், அதாவது சுமார் 19 கியூப் மண் வெளியே வரும். 2,000 துளைகளுக்கு ஒரு இலட்சம் கன மீற்றருக்கும் மேல். மூன்று கியூப் டிப்பரில் ஏற்றினால் 12,000 இற்கும் அதிகமான தடவைகள். இது உதாரணக் கணக்கு தான். உண்மையான வடிவமைப்பில் எண்கள் மாறும். தோண்டிய மண் தளர்ந்து பருமன் கூடும் என்பதையும், நிலையங்கள், டிப்போ ஆகியவற்றுக்குத் தோண்டுவதையும் இதில் சேர்க்கவில்லை.

இந்த 12,000 டிப்பர்களில் பெரும்பாலானவை சாதாரண மண்ணையே சுமக்கும். ஆனால் நூற்றுக்கு ஒன்று கெட்ட மண்ணாக இருந்தாலும் அது 120 டிப்பர். அவை எந்தக் காணியில் போய் விழுகின்றன என்பதே கேள்வி. கொழும்பைச் சூழவுள்ள தாழ்நிலங்களுக்கு மண் நிரப்புவோர் எப்போதும் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். 2018 ஆம் ஆண்டு ராம்சார் சமவாயத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட பெருமை கொழும்புக்கு உண்டு. அந்த ஈரநிலங்களை எண்ணெய் ஊறிய மண்ணால் நிரப்பினால் வெள்ளமும் வரும், நஞ்சும் வரும்.

உலகம் கற்ற பாடங்கள்

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1985 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் திகதி ஃபெயார்ஃபெக்ஸ் பகுதியிலுள்ள ஒரு துணிக்கடையினுள் மீதேன் வாயு வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அப்பகுதி ஒரு பழைய எண்ணெய் வயலின் மேல் அமைந்தது. விபத்துக்கும் சுரங்க ரயில் வேலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கவில்லை. எனினும், அதே பகுதிக்கு அடியால் செல்லவிருந்த ரயில் பாதைக்கு மத்திய அரசின் நிதி சட்டத்தின் மூலம் தடுக்கப்பட்டது. நிபுணர் குழு ஆராய்ந்து, வாயு புகாத சுரங்கச் சுவர்களாலும் காற்றோட்டத்தாலும் உணர்கருவிகளாலும் பாதுகாப்பாகக் கட்ட முடியும் என்று கூறிய பின்னர் 2007 ஆம் ஆண்டிலேயே தடை நீங்கியது. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறியாவிட்டால், ஒரு திட்டம் இரண்டு தசாப்தங்கள் பின்தள்ளப்படலாம் என்பதற்கு இது சான்று.

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரின் அனுபவம் எமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு மேற்கு வாயில் வீதிச் சுரங்கத்துக்கான நிலத்தில் பீபாஸ் எனப்படும், தீயணைப்பு நுரையிலும் தொழிற்சாலைகளிலும் பாவிக்கப்பட்ட, இலகுவில் அழியாத இரசாயனம் கண்டறியப்பட்டது. சுரங்கம் தோண்டும் இயந்திரங்கள் 2019 இல் நகருக்கு வந்துவிட்டன. ஆனால் தோண்டும் மண்ணை எங்கே கொட்டுவது என்பது முடிவாகவில்லை. நகருக்கு வெளியேயுள்ள ஊர்களின் பெயர்கள் அடிபட்டன. அவ்வூர் மக்கள் எதிர்த்தனர். வழக்குகளும் இழுபறியும் தொடர்ந்தன. இயந்திரங்கள் தோண்டத் தொடங்கியது 2022 ஆம் ஆண்டிலேயே. பணம், தொழில்நுட்பம், சட்டம் அனைத்தும் உள்ள நாட்டிலேயே இந்நிலை என்றால், கழிவின் இறுதி இடத்தைத் தீர்மானிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது எவ்வளவு பாரதூரமானது என்பதை நாம் விளங்கிக்கொள்ள முடியும்.

லண்டன் நகரின் கிராஸ்ரெயில் திட்டம் இதற்கு மறுபுறமான உதாரணம். அங்கு சுரங்கங்களிலிருந்து வந்த சுத்தமான மண்ணில் 30 இலட்சம் தொன்னுக்கும் மேல் கப்பல்களில் ஏற்றப்பட்டு, எசெக்ஸ் மாவட்டத்தின் வாலசீ தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பறவைகள் பாதுகாப்பு அமைப்பொன்றுடன் இணைந்து அங்கு ஒரு சதுப்பு நிலச் சரணாலயம் உருவாக்கப்பட்டது. மண் எங்கே போகும் என்பது திட்டத்தின் ஆரம்பத்திலேயே முடிவானதாலும், கெட்ட மண்ணும் நல்ல மண்ணும் பிரிக்கப்பட்டதாலும் அது சாத்தியமானது.

எமது நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் இத்துறையின் தாய்ச் சட்டம். அதன் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை இயங்குகிறது. 1993 ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான வர்த்தமானி, சுற்றாடல் அனுமதி பெறவேண்டிய திட்டங்களைப் பட்டியலிட்டது. ரயில் பாதை நிர்மாணம், 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகள், சகல சுரங்கத் திட்டங்கள், 100 குடும்பங்களுக்கு மேல் குடிபெயர்க்கப்படும் திட்டங்கள் ஆகியவை அதில் அடங்குகின்றன.

இத்தகைய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், அது 30 வேலை நாட்களுக்குப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவித்தல் வெளியாக வேண்டும். அக்காலத்தினுள் எவரும் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். திட்டத்தை முன்வைப்பவர் அதற்குப் பதிலளிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் குறைந்த தாக்கமுடையது எனக் கருதப்படும் திட்டங்களுக்கு ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை மட்டுமே போதுமானது. அதில் பொதுமக்கள் கருத்துக்கான இக்கட்டாய காலம் கிடையாது. ஒரு நகரப் பஸ் நிலையத்தைப் புதுப்பிப்பது போன்ற வேலைகள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடவும் கூடும்.

இவ்விடத்தில் தான் இன்னொரு ஒழுங்குவிதி முக்கியம் பெறுகிறது. 2008 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 ஆம் திகதிய 1534/18 ஆம் இலக்க வர்த்தமானி, அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளுக்கான விதிகளை வகுத்தது. திட்டம் பெரியதா சிறியதா என்பது இங்கே கேள்வியல்ல. அட்டவணையிலுள்ள கழிவை உருவாக்குபவர், சேகரிப்பவர், ஏற்றிச் செல்பவர், களஞ்சியப்படுத்துபவர், மீள்சுழற்சி செய்பவர், இறுதியாக அகற்றுபவர் என ஒவ்வொருவரும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற வேண்டும். கழிவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது பதிவு இருக்க வேண்டும். அதாவது, ஒரு பீப்பாய் எண்ணெய் வேலைத்தளத்தை விட்டு வெளியேறினால், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காகிதத்தின் மூலம் தொடர்ந்து சென்று பார்க்க முடிய வேண்டும்.

வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டங்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜெய்க்கா ஆகியவை தமக்கெனச் சுற்றாடல், சமூக விதிகளை வைத்துள்ளன. கடன் பெறும் நாடு அவற்றையும் பின்பற்ற வேண்டும். பாதிக்கப்பட்ட மக்கள் முறையிடுவதற்கான பொறிமுறை ஒன்று வேலைத்தளத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் ஒன்று. பலருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

ஓட்டை எங்கே?

சட்டம் இருந்தும் கழிவு ஏன் வழிதவறுகிறது? இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, விலைமனு. கழிவகற்றலுக்கான செலவு தனியான விடயமாகக் காட்டப்படாமல், 'ஒப்பந்தக்காரரின் பொது விலையில் அடங்கும்' என்று ஒரு வரியில் முடிக்கப்பட்டால் என்ன நடக்கும்? ஒழுங்காகச் சோதித்து, பிரித்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கக் கணக்கிடும் ஒப்பந்தக்காரரின் விலை கூடும், அவர் தோற்றுப்போவார். அருகிலுள்ள தாழ்நிலத்தில் கொட்டிவிட நினைப்பவரின் விலை குறையும், அவர் வெல்வார். நேர்மைக்குத் தண்டனை வழங்கும் முறை இது. எண்ணெய் மண்ணுக்கு ஒரு கன மீற்றருக்கு இவ்வளவு, அஸ்பெஸ்டஸுக்கு ஒரு சதுர மீற்றருக்கு இவ்வளவு என்று விலைமனுவிலேயே தனித்தனியாகக் காட்டி, உரிமம் பெற்ற இடத்தில் ஒப்படைத்த பற்றுச்சீட்டைப் பார்த்த பின்னரே பணம் வழங்கினால் இந்த ஓட்டையின் பெரும்பகுதி அடைபடும்.

இரண்டு, துணை ஒப்பந்தங்கள். பிரதான ஒப்பந்தக்காரர் இடிக்கும் வேலையை ஒருவரிடமும், டிப்பர் வேலையை இன்னொருவரிடமும் கொடுக்கிறார். டிப்பர்காரருக்குத் தடவைக்கு இவ்வளவு என்று கூலி. தூரம் குறையக் குறைய அவருக்கு இலாபம். அவர் மண்ணின் தரத்தை அறிந்தவரும் அல்ல. பொறுப்பு இப்படியே கைமாறிக் கைமாறி இறுதியில் எவரிடமும் இல்லாமல் போகிறது.

மூன்று, இறுதி இடம். எரிக்கக்கூடிய ஆபத்தான கழிவுகளுக்கு நாட்டில் உள்ள முக்கிய வழி, புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையில் உயர் வெப்பத்தில் எரிப்பதாகும். ஒழுங்காகக் கண்காணித்துச் செய்தால் அது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையே. எனினும் அஸ்பெஸ்டஸும் பெருந்தொகையான மண்ணும் அவ்வாறு எரித்து முடிகிற பொருட்கள் அல்ல. நுரைச்சோலை அனல்மின் நிலையம், சீமெந்து ஆலை, அருவக்காடு என ஏற்கனவே சுமை ஏறியுள்ள புத்தளத்தின் மேல் இன்னொரு சுமை ஏறுவதற்கு முன், அங்குள்ள மக்களுக்குத் தகவல் தெரிவிக்கப்பட வேண்டும். அவர்களின் கருத்துக் கேட்கப்பட வேண்டும். கொழும்பில் ரயிலில் ஏறுபவருக்கு வசதி, புத்தளத்தில் மூச்சு விடுபவருக்கு நோய் என்ற நிலை அபிவிருத்தி ஆகாது.

பிந்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. அங்குள்ள மின் நிலைய வளாகத்தைச் சூழவுள்ள மக்களின் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில் மின் உற்பத்திக் கம்பனி 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு முக்கியமானது தான். ஆனால் நிலத்தடி நீர் தீர்ப்பைக் கேட்டுச் சுத்தமாவதில்லை. சுண்ணாம்புக் கல் நிலத்தினுள் ஒருமுறை இறங்கிய எண்ணெயை வெளியே எடுப்பது, அதனைச் சிந்தாமல் பார்த்துக்கொள்வதை விடப் பலமடங்கு கடினம்.

எமது கைகளில் வந்து சேரும் பகுதி

இவ்விடயத்தில் எமது சமூகத்தவர் பார்வையாளர்கள் மட்டுமல்லர். பழைய இரும்பு, உதிரிப்பாகம், பாவித்த பெட்டரி வியாபாரங்களில் எம்மவர் பலர் ஈடுபட்டுள்ளனர். பஞ்சிகாவத்தை தொடக்கம் சிற்றூர்களின் பழைய இரும்புக் கடைகள் வரை, கட்டுமானத் தளங்களிலிருந்து வெளியேறும் பொருட்கள் வந்து சேரும் இடங்கள் இவை. இது கண்ணியமான தொழில். நாட்டின் மீள்சுழற்சியில் பெரும்பங்கு இவர்களுடையது.

ஆனால் பெட்டரியை உடைத்து அமிலத்தை வடிகானில் ஊற்றி, ஈயத்தை வீட்டு முற்றத்தில் உருக்குவது குடும்பத்துக்கே கேடு. ஈயத் தூசு உடையிலும் கையிலும் ஒட்டி வீட்டினுள் வரும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பழைய டிரான்ஸ்போமரைச் செம்புக்காக வெட்டும்போது அதன் எண்ணெயை நிலத்தில் ஊற்றுவதும், சில வேளைகளில் அதனை வேறு தேவைகளுக்குக் கொடுப்பதும் அவ்வாறே. உடைக்காமல் முழுப் பெட்டரியாகவே உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பது, எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து வைப்பது, ஏலத்தில் வாங்கும் பழைய மின்சாதனங்களுக்கு எண்ணெய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்பது ஆகியவை வியாபாரத்தைக் கெடுக்காமல் குடும்பத்தைக் காக்கும் வழிகள். வியாபாரச் சங்கங்கள் இதில் முன்வந்து உரிமம் பெறுவதற்கு அங்கத்தவர்களுக்கு உதவினால், தொழிலும் நிலைக்கும், சட்டச் சிக்கலும் நீங்கும்.

கட்டுமானத் தளங்களில் நாட்கூலிக்கு வேலை செய்யும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அஸ்பெஸ்டஸ் தகட்டை உடைக்காமல், நனைத்து, முழுதாகக் கழற்றி, தடித்த பொலித்தீனில் சுற்றி வைக்க வேண்டும். சாதாரண துணி முகக்கவசம் அந்நார்களைத் தடுக்காது. தகுந்த முகக்கவசம் தராத முதலாளியிடம் அதனைக் கேட்பது தொழிலாளியின் உரிமை.

மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஓர் ஊரில் ரயில் பாதை, பஸ் நிலையம், டிப்போ ஆகியவற்றில் ஒன்று வரப்போகிறது என்றால், அவ்வூர் மக்களும் பள்ளிவாசல் நிர்வாகமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் பின்வரும் கேள்விகளை எழுத்தில் கேட்கலாம்.

இந்நிலத்தில் முன்னர் என்ன இருந்தது? மண்ணும் நிலத்தடி நீரும் சோதிக்கப்பட்டனவா? அவ்வறிக்கையின் பிரதி எங்கே? அகற்றப்படும் கட்டடங்களில் எவ்வளவு அஸ்பெஸ்டஸ் உள்ளது? கழிவை ஏற்றிச் செல்பவரின் உரிம இலக்கம் என்ன? அது இறுதியாக எங்கே ஒப்படைக்கப்படும்? கழுவிய நீர் எந்த வடிகானுக்குச் செல்கிறது? வேலை ஆரம்பிக்கு முன் அயலிலுள்ள கிணறுகளின் நீர் பரிசோதிக்கப்பட்டுப் பதிவு செய்யப்பட்டதா?

இதில் இறுதிக் கேள்வி மிகவும் முக்கியமானது. வேலைக்கு முன் கிணற்று நீர் எப்படி இருந்தது என்பதற்கு ஆவணம் இல்லாவிட்டால், பின்னர் அது கெட்டுப்போனது என்று நிரூபிப்பது கடினம். 'முன்பே அப்படித்தான் இருந்தது' என்று ஒரே வார்த்தையில் வழக்கை முடித்துவிடுவார்கள்.

பதில் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணைக்கு வரும். 100,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்கள், 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்கள் ஆகியவற்றின் விபரங்களை, அவை ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கு வெளியிடுவது அமைச்சரின் கடமை என்று அச்சட்டத்தின் 9 ஆம் பிரிவு கூறுகிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் தெரிவிக்க வேண்டும். தமிழில் விண்ணப்பிக்கலாம், கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம்.

கழிவு கொட்டப்படுவதைக் கண்ணால் கண்டால், நேரம், இடம், வாகன இலக்கம் ஆகியவற்றைக் குறித்து, புகைப்படத்துடன் பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பது நல்லது. பொதுத் தொல்லை என்ற அடிப்படையில் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தை நாடவும் முடியும். முகநூலில் பதிவிடுவதுடன் நின்றுவிட்டால், அதற்குக் கோப்பும் இல்லை, பதிலளிக்க வேண்டிய அலுவலரும் இல்லை.

எதிர்ப்பல்ல, கணக்குக் கேட்பது

இவற்றையெல்லாம் கேட்டால் திட்டம் தாமதமாகும், செலவு கூடும் என்று சிலர் கூறக்கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு. சோதனைக்கும் பிரிப்புக்கும் பணமும் காலமும் தேவை. ஆனால் மெல்பேர்னில் நடந்தது போல், இயந்திரங்கள் வந்த பின்னர் கழிவுக்கு இடம் தேடுவது தான் உண்மையான தாமதம். சுன்னாகத்தில் நடந்தது போல், கிணறு கெட்ட பின்னர் பவுசரில் தண்ணீர் கொடுப்பது தான் உண்மையான செலவு. அச்செலவு எந்த விலைமனுவிலும் காட்டப்படுவதில்லை. அதனைப் பொதுமக்களே செலுத்துகின்றனர்.

பொதுப் போக்குவரத்து வளர்வது சுற்றாடலுக்கு நன்மையானது. ஒரு ரயில் பல நூறு வாகனங்களை வீதியிலிருந்து குறைக்கும், புகை குறையும், எரிபொருள் மிச்சமாகும். 2019 மார்ச்சில் கடன் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்ட இலகு ரயில் திட்டம் 2020 செப்டம்பரில் கைவிடப்பட்டபோது நாடு இழந்தது சிறிதல்ல. எனவே கழிவைக் காரணம் காட்டித் திட்டங்களை நிறுத்தச் சொல்வது எமது நோக்கமாக இருக்கக் கூடாது. அரசியல் இலாபத்துக்காக மக்களின் அச்சத்தைத் தூண்டுவோருக்கும் நாம் இடமளிக்கக் கூடாது.

நாம் கேட்க வேண்டியது எளிமையானது. வெளியேறும் ஒவ்வொரு டிப்பருக்கும் ஒரு பதிவு இருக்கட்டும். அப்பதிவு பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கும்படி, தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கழிவுக்கான பணம் விலைமனுவில் தனியாக இருக்கட்டும். கழிவு போய்ச் சேரும் ஊரின் மக்களிடம், அது வருவதற்கு முன் பேசப்படட்டும். இவற்றில் புதிய சட்டம் தேவைப்படும் விடயங்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவற்றுக்கு இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தினாலே போதும்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு போக்குவரத்துத் திட்டத்தின் சுற்றாடல் அறிக்கை பற்றிய அறிவித்தலைக் கண்டால், அதனைக் கடந்து செல்ல வேண்டாம். படித்த இளைஞர் இருவரை அழைத்து, கழிவு முகாமைத்துவம் பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது வாசிக்கச் சொல்லுங்கள். 30 வேலை நாட்கள் விரைவாக முடிந்துவிடும்.